நல்ல பாக்டீரியா, நல்ல எதிர்ப்புச் சக்தி

நுண்ணுயிரிகளை ஆராயவென்றே கேரள அரசு கழக்கூட்டம் கின்ஃப்ரா பூங்காவில் ஒரு சிறப்பு மையம் அமைத்துள்ளது. நுண்ணுயிரிகளுக்கும் நம் எதிர்ப்புச் சக்திக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நம் நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பங்கு குடலில்தான் இருக்கிறது. அங்குள்ள நல்ல பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன. அது குடல்சுவரை வலுப்படுத்தி, வீண் அழற்சியைத் தணிக்கிறது. டெக்னோபார்க்கில் வேலை, விடுதியில் சாப்பாடு என்றிருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

• மதியம் பயறு, முட்டைக்கோஸ், வாழைக்கூம்புத் தோரன் இருந்தால் இரண்டாம் முறையும் கேட்டு வாங்குங்கள். நார்ச்சத்துதான் பாக்டீரியாவின் உணவு.

• தயிரையும் சம்பாரம் என்னும் மோரையும் கொதிக்கவைக்காமல் சாப்பிடுங்கள். கொதித்தால் பாக்டீரியாக்கள் இறந்துவிடும். 2012இல் இந்தியாவின் தேசிய நுண்ணுயிரியாக அறிவிக்கப்பட்டதே தயிர் பாக்டீரியா ஒன்றுதான்.

• பழங்கஞ்சிக்குச் சோறு ஆறியதும் காய்ச்சி ஆறவைத்த நீரை ஊற்றி மூடுங்கள். காலையில் தயிர், சின்ன உள்ளி, காந்தாரி மிளகாய் சேருங்கள். கெட்ட வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

• சளி, காய்ச்சலுக்குத் தானாக ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். அது நல்லவற்றையும் அழிக்கும். மருத்துவர் சீட்டில்லாமல் அதை விற்பதைத் தடுக்கவே கேரளம் 2024இல் 'ஆபரேஷன் அம்ருத்' சோதனையைத் தொடங்கியது.

புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களும் புளித்த உணவுகளை மருத்துவரைக் கேட்ட பிறகே சாப்பிட வேண்டும்.