சர்வர் பார்ப்பது பெயரை அல்ல, எண்ணை

கேள்வி: எங்கள் அச்சகத்தில் ஒரு லினக்ஸ் சர்வரும் ஐந்து லினக்ஸ் கணினிகளும் இருக்கின்றன. என்எஃப்எஸ் வழியாக எல்லோரும் ஒரே ஃபோல்டரில் வேலை செய்கிறோம். கவிதா தன் கணினியிலிருந்து சேமிக்கும் கோப்புகள் சர்வரில் முருகன் பெயரில் தெரிகின்றன. முருகனால் அவற்றை அழிக்கவும் முடிகிறது. எல்லாவற்றுக்கும் 777 அனுமதி கொடுத்துவிடச் சொல்கிறார் நண்பர். கொடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இப்போது முருகனால் மட்டும் முடிவது, 777 கொடுத்தபின் எல்லோராலும் முடியும்.

லினக்ஸ் ஒரு கோப்பின் உரிமையாளரை யூஐடி என்ற எண்ணாகத்தான் குறித்து வைக்கிறது. 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட என்எஃப்எஸ், வழக்கமான அமைப்பில், அந்த எண்ணையே சர்வருக்கு அனுப்புகிறது. சர்வரில் நிர்வாகிக்கு 1000, முருகனுக்கு 1001, கவிதாவுக்கு 1002 என்று இருக்கலாம். கவிதாவின் கணினியில் முருகனுக்குக் கணக்கு இல்லாததால், 1001 கவிதாவுக்கே போயிருக்கும். சர்வருக்கோ 1001 என்றால் முருகன்.

இதை உறுதிசெய்ய, ஒவ்வொரு கணினியிலும் ‘ஐடி’ கட்டளையோடு பயனர் பெயரைக் கொடுத்து, வரும் எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஜிஐடி என்ற குழு எண்ணையும் விடாதீர்கள்.

சர்வரில் உள்ள எண்களையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். பேக்கப் எடுத்தபின், கவிதா லாக்-அவுட் செய்திருக்கும்போது, அவர் கணினியில் ‘யூசர்மாட்’ கட்டளையால் யூஐடியை 1002 ஆக்குங்கள். ஹோம் ஃபோல்டரில் உள்ள அவருடைய கோப்புகள் தாமாக மாறிவிடும்; அதே கணினியில் வேறு இடங்களில் உள்ளவற்றை ‘ஃபைண்ட்’ கட்டளையால் தேடி மாற்ற வேண்டும். 1002 அங்கே வேறொருவரிடம் இருந்தால், முதலில் அவரை யாரிடமும் இல்லாத ஓர் எண்ணுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் ‘யூசர்மாட்’ அந்த எண்ணை ஏற்காது; கட்டாயப்படுத்தினால் இருவர் கோப்புகளும் கலந்துவிடும்.

சர்வரில் ஏற்கெனவே கலந்து கிடப்பவைதான் கடினம். முருகனுடையதும் கவிதாவுடையதும் 1001 என்றே இருப்பதால் எண்ணை வைத்துப் பிரிக்க வழியில்லை. இருவரும் உட்கார்ந்து, ஃபோல்டர் ஃபோல்டராகப் பார்த்துத்தான் உரிமையாளரை மாற்ற வேண்டும். சோம்பாமல் செய்யுங்கள், உங்கள் வாடிக்கையாளர்களின் வேலை அது.

எல்லோரும் திருத்த வேண்டிய ஃபோல்டருக்கு ஒரு பொதுக் குழுவை உருவாக்கி 2770 அனுமதி கொடுங்கள். ‘யூமாஸ்க்’ 002 ஆக இருக்கட்டும். நண்பர் விரும்பிய வசதி இதிலேயே கிடைத்துவிடும்.

ஒன்றை மறக்காதீர்கள். கணினி சொல்லும் எண்ணை சர்வர் அப்படியே நம்புகிறது. ‘ரூட் ஸ்குவாஷ்’ தடுப்பது 0 என்ற ரூட் எண்ணை மட்டுமே. வெளி லேப்டாப் ஒன்றில் 1002 என்று கணக்குத் திறப்பவரும் கவிதாவாகிவிடலாம். ஆகவே ‘எக்ஸ்போர்ட்ஸ்’ கோப்பில் உங்கள் ஐந்து கணினிகளின் ஐபி முகவரிகளை மட்டும் அனுமதியுங்கள். அப்போதும் அந்த முகவரியைப் போலியாக எடுத்துக்கொண்டு ஒருவர் நுழைய முடியும் என்பதால், வெளியார் லேப்டாப்புகளை அலுவலக நெட்வொர்க்கில் சேர்க்காதீர்கள்.