விடுதலும் ஒப்படைத்தலும்: ஆங்கில வினைச்சொற்கள் சில

ஆங்கிலம் பயிலும் நம் மாணவருட் பலர், ஒரே தமிழ்ச் சொல்லைத் தோணியாகக் கொண்டு பல ஆங்கிலச் சொற்களைக் கடந்துவிடப் பார்க்கின்றனர். 'விட்டான்' என்பது அத்தகைய தோணி. அரசன் சிங்காதனத்தை விட்டான். குமாஸ்தா உத்தியோகத்தை விட்டான். தாயொருத்தி குழந்தையைத் தெருவில் விட்டாள். கிழவன் புகையிலையை விட்டான். தமிழில் ஒரு வினை இவை யாவற்றிற்கும் போதும். ஆங்கிலத்திலோ முதலாவது அப்டிகேட், இரண்டாவது ரிஸைன், மூன்றாவது அபாண்டன், நான்காவது கிவ் அப். ஒன்றிருக்குமிடத்தில் மற்றொன்றை வைத்தால் வாக்கியம் நகைப்புக்கு இடமாகும். சிற்சில வேளைகளில் அதனினும் பெரிய கேடும் விளையும். யாருக்கு விட்டான், மனமொப்பி விட்டானா, விட்டதை மீளக் கேட்க உரிமையுண்டா என்னும் கேள்விகளுக்கெல்லாம் வினைச்சொல்லே விடையிறுப்பதுதான் காரணம். ஒரு நாட்டின் அரசுரிமையே இத்தகைய ஒரு சொல்லைப் பற்றி நின்றதுண்டு. அதற்குப் போகுமுன் எளியவற்றைக் காண்போம்.

ஸ்டாப் என்னும் சொல்லை அறியாதார் இலர். ஆயினும் அதன் பழம்பொருள் நிற்றலன்று, அடைத்தல். சணற்கூளத்தைத் திணித்துத் துவாரத்தை அடைப்பதைக் குறித்த பிற்கால இலத்தீன் சொல்லொன்றிலிருந்து அது பிறந்தது என்பர். புட்டியின் மூடியை இன்றும் ஸ்டாப்பர் என்பது இதனாலேயே. இச்சொல்லில் மாணவர் இடறுமிடம் ஒன்றுண்டு. 'ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றால் புகைப்பதை நிறுத்தினான். 'ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்றால் புகைப்பதற்காக நின்றான். முன்னவன் நல்வழிப்பட்டவன், பின்னவன் படாதவன். நம் மொழியில் நின்றான், நிறுத்தினான் எனத் தன்வினையும் பிறவினையும் வெவ்வேறு உருவம் கொள்வதால் இம்மயக்கத்திற்கு இடமில்லை. தமிழ் ஏழைமொழியென்று எண்ணுவோர் இதனை நோக்குக.

ஸீஸ் என்பது சற்றுக் கனமான சொல். யுத்தமும் மழையும் அதற்குப் பொருந்தும், பேருந்து பொருந்தாது. பற்றிக்கொள்ளுதல் என்னும் நேர்மாறான பொருளுடைய மற்றொரு ஸீஸும் உண்டு. ஈற்றெழுத்தின் ஒலியொன்றே வேற்றுமை. தமிழெழுத்தில் அதுவும் புலப்படாது. ஓய்தலைக் குறிக்கும் ஸீஸ், நாட்டை விட்டுக்கொடுத்தலைக் குறிக்கும் ஸீட் ஆகிய இரண்டும், செல்லுதல், ஒதுங்குதல் என்று பொருள்படும் ஓர் இலத்தீன் தாதுவினின்று தோன்றியவை. ஸீட் என்பதற்கு இறுதியில் மீண்டும் வருவோம்.

சரண்டர் என்பதைச் 'சரணடைதல்' என்று பெயர்த்தல் வழக்கம். ஒலியும் ஒத்திருப்பதால் இரண்டும் உறவென்று எண்ணுவாரும் உளர்; உறவு யாதுமில்லை. நம் சரணம் வடமொழிச்சொல். புகலிடம் என்பது அதன் பொருள். தோற்றவன் புகலிடத்தை நோக்கிச் செல்கிறான் என்பது அதிலுள்ள சித்திரம். சரண்டர் பிரெஞ்சு வழிவந்தது. கையிலுள்ளதை மேலவனிடம் திருப்பிக் கொடுத்தலே அதன் பொருள். அது போர்க்களத்துச் சொல்லாய் மட்டுமன்றி நிலச்சட்டத்தின் சொல்லாயும் வழங்கிற்று. இங்கிலாந்தில் காப்பிஹோல்டு என்னும் ஒருவகை நிலவுரிமை இருந்தது. அந்நிலத்தை விற்க விரும்பிய குடியானவன் நேரே வாங்குவோனிடம் கொடுத்தல் இயலாது. பண்ணைப் பிரபுவின் மன்றத்திற்குச் சென்று, காரியஸ்தன் கையில் ஒரு கோலைக் கொடுத்து, நிலத்தைப் பிரபுவுக்கே சரண்டர் செய்வான். பின்னரே பிரபு புதியவனை நிலத்திற்கு உரியவனாய் ஏற்பார். 1922ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்நிலவுரிமை நீக்கப்பட்டு, 1926இல் அம்முறை ஒழிந்தது. ஆகவே பயணச்சீட்டையோ பாஸ்போர்ட்டையோ சரண்டர் செய் என்றால் 'ஒப்படை' என்பதே நேரான தமிழ். நம் அரசாங்க அலுவலகங்களில் ஈட்டிய விடுப்பைக் கொடுத்துப் பணம் பெறுதலைச் 'சரண் விடுப்பு' என்கிறார்கள். விடுப்பு யாருடைய காலில் விழுந்தது என்று கேட்கத் தோன்றுகிறது!

அபாண்டன் என்பதற்குக் 'கைவிடு' என்பது மிகப் பொருத்தமான மொழிபெயர்ப்பு. ஆனால் இரண்டின் வரலாறும் எதிரெதிர். நம் சொல்லில், பிடித்திருந்த கை பிடியைத் தளர்த்துகிறது. ஆங்கிலச் சொல்லோ 'பிறர் ஆளுகையின்கீழ்' என்று பொருள்பட்ட பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது. ஒருவனிடம் ஒப்புவித்ததே பின்னர் ஒருவருக்கும் இன்றி எறிந்துவிட்டதாயிற்று. 'விட்டுக்கொடு' என்பதற்கோ முற்றிலும் ஒத்த ஆங்கிலச் சொல்லை நான் கண்டதில்லை. வரப்புத் தகராறில் விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை. 'நாத்தனாரிடத்தில் கணவனை விட்டுக்கொடுக்காமல் பேசினாள்' என்கிறபோது விட்டுக்கொடாமையே பெருந்தன்மை. முன்னதற்கு யீல்ட் அல்லது கிவ் வே பொருந்தும். பின்னதற்கு ஒரு முழு வாக்கியம் வேண்டும்.

யீல்ட் என்பதன் பழம்பொருள் பணம் செலுத்துதல். பணத்தைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லாகிய கெல்ட் என்பது இதன் இனம். வயல் விளைவைத் தருவதும், கடன்பத்திரம் வட்டி தருவதும், தோற்றவன் பணிவதும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாயிருப்பதன் காரணம் இப்போது விளங்கும். வென்ற வேந்தனுக்குத் திறை செலுத்தியதை நம் பழம்புலவர் பாடியிருத்தலை அறிந்தவர்க்கு இது புதுமையாய்த் தோன்றாது.

இனி, மேலே சுட்டிய அரசுரிமைச் செய்தி. 1688ஆம் ஆண்டு நவம்பரில் ஆரஞ்சு இளவரசர் வில்லியம் படையுடன் இங்கிலாந்தில் இறங்கினார். டிசம்பரில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் அரசாங்கப் பெருமுத்திரையைத் தேம்ஸ் நதியில் எறிந்துவிட்டு ஓடினார், பிடிபட்டுத் திரும்பினார், அம்மாதமே மறுபடியும் புறப்பட்டுப் பிரான்ஸ் சேர்ந்தார். துறவுப்பத்திரம் எதிலும் அவர் கையெழுத்திடவில்லை. 1689 ஜனவரியில் கூடிய மன்றத்தார் அவர் செய்த செயலுக்கு என்ன பெயரிடுவது என்று திகைத்தனர். பொதுமக்கள் சபை அப்டிகேட் என்று எழுதிற்று. சிங்காதனம் காலியாயிற்று என்றும் சேர்த்தது. பிரபுக்கள் சபை அதை அடித்து டெசர்ட் என்று திருத்திற்று. அப்டிகேட் என்பது தானே மனமுவந்து துறத்தல். ஜேம்ஸ் அவ்வாறு துறக்கவில்லையே, அன்றியும் அது நம் நாட்டுச் சட்டம் அறிந்த சொல்லன்றே என்பது பிரபுக்களின் வாதம். டெசர்ட் என்றால் இடத்தைவிட்டுப் போனான் என்பதே. போனவன் நாளைத் திரும்பலாம் என்பது எதிர்வாதம். ஜான் சாமர்ஸ் என்னும் வழக்கறிஞர், சட்டம் அறியாமை இரு சொற்களுக்கும் பொது என்றும், துறவு வாயாலன்றிச் செய்கையாலும் நிகழும் என்றும் இலத்தீன் பிரயோகங்களைக் காட்டி நிறுவினார். பிப்ரவரி 6ஆம் தேதி பிரபுக்கள் இணங்கினர். அன்றைக்கு அகராதியே ஓர் அரசியற் சாஸனமாயிற்று. ஸ்காட்லாந்தியரோ இத்தனை தயக்கமின்றி, ஜேம்ஸ் தம் உரிமையை இழந்துவிட்டார் என்று ஏப்ரலில் தீர்மானித்தனர். தவறு செய்தவனிடமிருந்து உரிமை பறிபோயிற்று என்பது அவர்கள் வழங்கிய வினை. எனக்கு அதுவே நேர்மையான சொல்லாய்ப் படுகிறது. எட்டாம் எட்வர்டு 1936 டிசம்பர் 10ஆம் தேதி கையெழுத்திட்டே அரசைத் துறந்தபோது, அப்டிகேட் என்பதைப் பற்றி ஐயம் எழ இடமில்லை.

இங்கிலாந்தில் இரு சாராரும் ஒரே மொழியினர். ஆகவே சொல்லைப்பற்றி வாதிட முடிந்தது. 1840இல் நியூஸிலாந்தின் வைட்டாங்கி என்னுமிடத்தில் அதற்கும் வழியில்லை. மாவோரித் தலைவர்கள் தம் நாட்டின் மேலாட்சி முழுவதையும் பிரிட்டிஷ் அரசிக்கு ஸீட் செய்வதாக ஆங்கில உடன்படிக்கையில் எழுதப்பட்டிருந்தது. அதனைப் பாதிரியார் ஹென்றி வில்லியம்ஸும் அவர் மைந்தரும் பிப்ரவரி 4ஆம் தேதி இரவில் மாவோரி மொழியிற் பெயர்த்தனர். ஸீட் என்பதற்கு அவர்கள் இட்ட வினை டுக்கு. அது நம் 'விடு' போல அகன்ற பொருளுடையது: விடுதல், அனுப்புதல், இடங்கொடுத்தல், கொடுத்தல் யாவும் அதனுள் அடங்கும். மேலாட்சிக்கோ கவர்னர் என்னும் சொல்லைத் தழுவி ஆக்கப்பட்ட காவனதங்கா என்பதை வைத்தனர். கவர்னரின் நிர்வாகம் என்று மட்டுமே அது பொருள்படக்கூடும். இரண்டாம் பிரிவிலோ தலைவர்களின் தலைமை அவர்களிடமே நிற்கும் என்று வாக்களிக்கப்பட்டது. 6ஆம் தேதி கையெழுத்துத் தொடங்கிற்று. ஒப்பமிட்ட ஐந்நூற்றுக்கு மேற்பட்டோருள் 39 பேர் மட்டுமே ஆங்கிலப் பிரதியில் இட்டனர். ஏனையோர் கண்டது 'டுக்கு' எழுதிய தாளையே. இவ்வுடன்படிக்கையைப் பற்றிய குறைகளை ஆராய 1975இல் வைட்டாங்கி நியாயமன்றம் நிறுவப்பட்டது. 1840 பிப்ரவரியில் வடபகுதியில் ஒப்பமிட்ட தலைவர்கள் மேலாட்சியை ஸீட் செய்யவில்லை என்று 2014ஆம் ஆண்டில் அம்மன்றம் முடிவு கூறிற்று.