வரத்துக் கால்வாயும் ஊரார் கடமையும்

சென்ற சனி, ஞாயிறு இரு நாட்களிலும், வேளாண்மை அலுவலரும் ஊராட்சிச் செயலர்களும் உடன்வர, திருவண்ணாமலையிலிருந்து தண்டராம்பட்டு வழியாகச் சாத்தனூர் வரையுள்ள கிராமங்களை நாங்கள் பார்வையிட்டு வந்தோம்.

தென்பெண்ணையாற்றின் குறுக்கே 1958-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற சாத்தனூர் அணை, 119 அடி வரை நிரம்பும்போது 7,321 மில்லியன் கன அடி நீரைத் தேக்கவல்லது. எனினும், அணை நீராயினும் மழை நீராயினும், கால்வாய் தூர்ந்திருப்பின் ஏரிக்கு வந்து சேராது. வழியில் அடுத்தடுத்த இரண்டு ஏரிகளைக் கண்டோம். ஒன்றில் நீர் தளும்பியது. மற்றொன்றில் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. இரண்டிற்கும் பெய்த மழை ஒன்றே. முதல் ஊரார் ஆண்டுதோறும் வரத்துக் கால்வாயைத் தூர் வாருகின்றனர். அடுத்த ஊரின் உழவர் பலர் கூலி வேலை தேடிப் பெங்களூருக்குச் சென்றுவிட்டனர்.

சீன நாட்டின் சிச்சுவான் மாநிலத்தில், ஏறத்தாழ கி.மு. 256-இல் லீ பிங் என்னும் ஆளுநர் அமைத்த துஜியாங்யான் பாசனம் இன்றும் வயல்களுக்கு நீர் தருகின்றது. ஆற்றில் நீர் குறையும் பருவத்தில் மணலையும் கல்லையும் அகற்றி வந்த வழக்கமே அதனைக் காத்தது. நம் முன்னோர் கைக்கொண்ட குடிமராமத்தும் இத்தகையதே.

ஆகவே, ஊராட்சி உறுப்பினர்களே! வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே உழவர்களுடன் கால்வாய் நெடுக நடந்து செல்லுங்கள். தூர், முட்செடி, ஆக்கிரமிப்பு, மதகின் பழுது ஆகியவற்றைக் குறித்துக் கிராம சபையில் வையுங்கள். மழை வந்தபின் மண்வெட்டி எடுப்பதால் பயனில்லை.