கைக்கு உரியதும் கடிகாரத்திற்கு உரியதும்

அன்புள்ள தங்கைக்கு,

டப்ஸ்டெப் சங்கீதத்தில் மனம் ஊன்றிவிட்ட நீ, சாதாரண மிடி கீபோர்டை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, விரலின் அழுத்தத்தையும் சறுக்கலையும் உணர்ந்துகொள்ளும் புதுவகை வாத்தியம் ஒன்றை வாங்கி மேஜைமேல் வைத்திருப்பதாகவும், தொட்டால் அழகாக ஒலிக்கும் அந்தச் சாதனத்தால் உன்னுடைய இசைக்கு என்ன பிரயோஜனம் என்பதுதான் விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். இத்துறையில் அடியெடுத்து வைக்கும் வேறு பலருக்கும் இதே சந்தேகம் இருக்கக்கூடுமாதலால், பதிலைப் பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

1983-ஆம் ஆண்டு ஜனவரியில், சீக்வென்ஷியல் கம்பெனியின் ப்ராஃபெட்-600 என்னும் சிந்தசைசரையும் ரோலண்டு கம்பெனியின் ஜூபிடர்-6 என்பதையும் ஒரு கேபிளால் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றொன்றும் ஒலிப்பதை அமெரிக்காவில் ஒரு கண்காட்சியில் காட்டினார்களே, அன்று உலகத்திற்கு அறிமுகமான மிடி என்னும் பாஷை, அடிப்படையில் பியானோ வாசிப்பவருடைய பாஷை. எந்தக் கட்டையை அழுத்தினாய், எவ்வளவு வேகமாக அழுத்தினாய், எப்போது விட்டாய் என்பவற்றை அது 0 முதல் 127 வரையிலான எண்களில் திருத்தமாகச் சொல்லும். ஆனால் ஸ்வரம் பிறந்த பிறகு அதை வளைக்க வேண்டுமானால் பக்கத்திலுள்ள சக்கரத்தைத்தான் திருப்ப வேண்டும், திருப்பினாலோ அந்தச் சேனலில் ஒலிக்கும் ஸ்வரங்கள் அத்தனையும் கூட்டமாக வளையும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான், ஒவ்வொரு ஸ்வரத்திற்கும் தனித்தனிச் சேனலைக் கொடுத்துவிடும் எம்.பி.இ. என்ற முறை 2018-இல் மிடியின் அங்கீகாரம் பெற்ற பகுதியாயிற்று. பதினாறு சேனல்களில் ஒன்று பொதுக் கட்டளைகளுக்குப் போக, மற்றப் பதினைந்தும் விரல்களுக்கு உரியவை. லிப்போல்டு ஹேக்கனுடைய கண்டினுவம், ரோஜர் லின்னுடைய லின்ஸ்ட்ரூமென்ட், ரோலி கம்பெனியின் சீபோர்டு, அண்மையில் வந்த ஆஸ்மோஸ் எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எம்.பி.இ. முறை அங்கீகாரம் பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே ஏ.ஆர். ரஹ்மான் 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாட்டில் கண்டினுவத்தை வாசித்திருக்கிறார். கமகத்தில் ஊறிய காதுக்கு இவ்வாத்தியம் உடனே பிடித்துப்போவதில் வியப்பில்லை.

ஆனால் நீ கேட்டது கமகத்தைப் பற்றி அல்லவே! டப்ஸ்டெப் பிறந்தது தெற்கு லண்டனில். 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், குரோய்டனில் இருந்த பிக் ஆப்பிள் என்ற இசைத்தட்டுக் கடையைச் சுற்றித் திரிந்த ஸ்க்ரீம், பெங்கா போன்ற சிறுவர்கள், பெரிய ஸ்டூடியோ எதையும் கண்டறியாதவர்களாய், வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃப்ரூட்டிலூப்ஸ் போன்ற மென்பொருளைக் கொண்டு, மவுஸால் கட்டம் கட்டமாக நிரப்பி உண்டாக்கிய சங்கீதம் அது. பிறகு பிரிக்ஸ்டனில் டி.எம்.இஸட். என்ற பெயரில் நடந்த இரவுகளில், மாலா, கோக்கி, லோஃபா முதலியோர் அதை மார்பெலும்பு அதிரும் ஒலிபெருக்கிகளில் கேட்க வைத்தார்கள். நிமிஷத்திற்கு 140 தட்டுகள் என்பது அதன் கதி. ஆயினும் ஸ்நேர் மூன்றாம் தட்டில் மட்டும் விழுவதால், ஓட்டத்தில் இருக்கும்போதே நின்று நிதானித்து நடப்பது போன்ற ஒரு மாயை உண்டாகிறது. அந்த விசாலமான இடைவெளியில் உறுமி அசையும் பேஸ்தான் இந்தச் சங்கீதத்தின் ஜீவன். வாபிள் எனப்படும் அந்த அசைவையோ, ஃபில்டரைத் திறந்து திறந்து மூடும் எல்.எஃப்.ஓ. என்ற கருவி, கடிகாரத்தோடு கட்டுண்டு செய்கிறது. மவுஸும் கடிகாரமும் சேர்ந்து படைத்த ஒரு கலைக்குள், இத்தனை காலம் கழித்து, விரல் எதற்காக நுழைய வேண்டும்? உன்னுடைய சந்தேகத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 140 கதியில் ஒரு தட்டின் காலம் அரை விநாடிக்கும் சற்றுக் குறைவு. தட்டுக்கு இரண்டு முறை வாபிள் அசைந்தால் விநாடிக்கு நாலரைக்குச் சற்று மேற்பட்ட அசைவு. மும்மூன்றாக அசைந்தால் விநாடிக்குச் சரியாக ஏழு. விநாடிக்கு ஏழு முறை ஒரு விரலை அழுத்தித் தளர்த்துவது முடியாத காரியமன்று. ஆனால் அதே ஏழு அசைவை, டிரம் மெஷினுக்குப் பக்கத்தில், மயிரிழை பிசகாமல் பதினாறு ஆவர்த்தனம் நிலைநிறுத்துவது மனித சரீரத்தின் சுபாவத்தில் இல்லாதது. பிசகினாலோ, உறுமலாக இருக்க வேண்டியது வெறும் நடுக்கமாகிவிடும். புதிதாக வாத்தியம் வாங்கியவர்கள் பெரும்பாலும் இந்த அசைவையே விரலால் செய்து காட்ட முயன்று, இரண்டு நாளில் சலித்து, சாதனத்தைத் துணிபோட்டு மூடிவிடுகிறார்கள். அசைவைக் கடிகாரத்திடமே விட்டுவிடு, அம்மா. அசைவு எவ்வளவு ஆழமாக இருக்க வேண்டும், எந்தக் கணத்தில் தொடங்க வேண்டும், ஸ்நேருக்கு முன்னால் மூச்சை அடக்குவதா விடுவதா, முடியும்போது அறுந்து விழுவதா தேய்ந்து மறைவதா என்ற இவையெல்லாம் கைக்கு உரியவை. கச்சேரியில் தாளம் போடும் கை அசையாத நிச்சயத்தோடு இருப்பதனால்தானே பாடகரின் குரல் எங்கு வேண்டுமானாலும் போய் வர முடிகிறது!

ஆகையால் முதல் அப்பியாசமாக இதைச் செய். வேவ்டேபிள் சிந்த் ஒன்றில் ஒரே ஒரு பேஸ் ஒலியை எடுத்துக்கொள். விலைகொடுத்து வாங்க வேண்டிய அவசியமில்லை. இலவசமாகக் கிடைக்கும் வைட்டலும் சர்ஜ் எக்ஸ்டியும் எம்.பி.இ.யை நன்றாகவே அறிந்தவை. எல்.எஃப்.ஓ.வை ஃபில்டருக்குக் கட்டு. அதன் வேகத்தைப் பாட்டின் கதியோடு பிணை. அதன் ஆழத்தை மட்டும் விரலின் அழுத்தத்திடம் ஒப்படை. விரல் லேசாக இருக்கும்போது பேஸ் வெறுமனே நீளும். அழுத்த அழுத்தப் பேசத் தொடங்கும். சீபோர்டு விற்பவர்கள் ஐந்து பரிமாணங்கள் என்று பறைசாற்றுகிறார்கள். அவை ஐந்தையும் முதல் வாரமே ஐந்து காரியங்களுக்குக் கட்டிவிட்டால், எந்த அசைவு எந்தப் பலனைத் தந்தது என்று உன் காதுக்கே தெரியாமற் போகும். அழுத்தம் ஒன்றே போதும். அது பழகிய பிறகு, விரல் மேலும் கீழும் நகர்வதை, அதாவது மிடியில் 74 என்ற எண்ணில் வருவதை, வேவ்டேபிளின் ஸ்தானத்திற்குக் கொடுக்கலாம். அப்போது 'ஆ' என்று திறக்கும் வாய் 'ஓ' என்று குவிவது போன்ற மாறுதலை நீயே உண்டாக்குவாய்.

வாத்தியத்தோடு வரும் தயார் ஒலிகளை நம்பாதே. மேகம்போல் மிதக்கும் நாதங்களாகவே அவற்றில் பெரும்பகுதியும் அமைந்திருப்பது கடைக்கு வருபவரை ஒரே நிமிஷத்தில் மயக்குவதற்காக என்பது என் அபிப்பிராயம். டப்ஸ்டெப்புக்கு அவற்றால் ஆகும் உபகாரம் சொற்பம்.

ஏற்பாடுகளில் ஒன்றைமட்டும் மறந்துவிடாதே. எம்.பி.இ. வாத்தியங்கள் வழக்கமாகப் பிட்ச் பெண்டின் எல்லையை 48 அரைஸ்வரம் என்று வைத்திருக்கும். சிந்திலோ அது 2 என்று இருக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே எண் இல்லாவிட்டால், ஒரு ஸ்தாயி தள்ளி விரலைச் சறுக்கினாலும் ஒலி அரைஸ்வரம்கூட ஏறாது. சாதனம் பழுது என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இந்த எண்தான் பகை. அழுத்தத்தின் வளைகோட்டையும் உன் விரலின் பலத்திற்கேற்பத் திருத்திக்கொள். கம்பெனிக்காரர் வைத்த கோடு யாரோ ஒருவருடைய விரலுக்காக வைத்தது.

இனி, மிகவும் சூட்சுமமான விஷயத்திற்கு வருகிறேன். அடியில் ஒலிக்கும் சப்-பேஸை விரலிடம் முழுவதாகக் கொடுத்துவிடாதே. டப்ஸ்டெப்பில் பலரும் விரும்பி எடுக்கும் 'எஃப்' என்ற ஸ்வரம், கீழ்த்தளத்தில் ஏறத்தாழ 44 ஹெர்ட்ஸில் நிற்கிறது. அதிலிருந்து ஒரு ஸ்தாயி கீழே சறுக்கினால் 22 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். அதைப் பெரும்பாலான ஒலிபெருக்கிகள் ஒலிக்கவும் மாட்டா, காதுக்கு ஸ்வரமாகத் தோன்றவும் செய்யாது. ஒரு ஸ்தாயி மேலே போனால் 87. மார்பில் விழுந்துகொண்டிருந்த கனம் எங்கோ கலைந்துபோகும். மேலே உறுமும் பேஸ் உன் விரலோடு எப்படி வேண்டுமானாலும் நெளியட்டும். அடியில் இருக்கும் சைன் அலை வேறொரு டிராக்கில், அழுத்தத்திற்கு அசையாமல், இடவலம் பிரியாமல் மோனோவில், பெண்ட் வந்தாலும் இரண்டொரு அரைஸ்வரத்திற்கு மேற்படாமல் இருக்கட்டும். இதைச் செய்யாத பாட்டு ஹெட்ஃபோனில் எவ்வளவு ஜாலம் காட்டினாலும், பெரிய ஒலிபெருக்கி அடுக்கின் முன்னால் போனதும் பலவீனப்பட்டு நிற்பதைக் கேட்டிருக்கிறேன்.

பதிவு செய்யும்போது, ஸ்வரம் தொடங்கும் இடம் தட்டுக்குச் சற்று முன்பின்னாக விழுந்திருந்தால் தாராளமாக நேராக்கிக்கொள். அது கடிகாரத்தின் இலாகா. ஆனால் ஸ்வரத்தை நகர்த்தும்போது அதன் அழுத்தக் கோடும் கூடவே நகர்கிறதா என்று பார். ஏபிள்டன் லைவ் 11-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு ஸ்வரத்திற்குள்ளும் அந்தக் கோட்டைத் திறந்து காட்டுகிறது. கோட்டின் மேடுபள்ளங்களை மவுஸால் இஸ்திரி போடத் தோன்றும். போடாதே, அவற்றுக்காகத்தானே வாத்தியம் வாங்கினாய்! நாலு நிமிஷம் சும்மா வாசித்து, அதை அப்படியே ஆடியோவாக மாற்றி, அதில் உயிர் உள்ள இரண்டு ஆவர்த்தனங்களை மட்டும் வெட்டி எடுத்து, தலைகீழாக்கியும் சுருதி இறக்கியும் மறுபடி அடுக்குவது டப்ஸ்டெப்காரர்களுக்கு நெடுநாளாகப் பழக்கமான ரீசாம்பிளிங் வித்தை. உன்னுடைய விரல் கொடுக்கும் ஒழுங்கற்ற அசைவுகள் அந்த வித்தைக்குக் கிடைக்கும் மிக நல்ல கச்சாப்பொருள். இந்தப் பகுதியில் விதிகள் எதுவும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கெடுத்துப் பார்க்கக் கெடுத்துப் பார்க்கத்தான் வரும்.

உன் தோழி ஒருத்தியும் இதே மாதிரி வாங்க வேண்டும் என்று கடன் தேடுவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் என்று சொல். சாதாரணக் கீபோர்டிலுள்ள மாடுலேஷன் சக்கரத்தை எல்.எஃப்.ஓ.வின் ஆழத்திற்குக் கட்டி, ஒரு கையால் ஸ்வரத்தையும் மற்றொரு கையால் சக்கரத்தையும் ஆண்டு பழகினாலே, நான் மேலே சொன்னவற்றில் பாதி அவளுக்கு வந்துவிடும். பேஸ் பெரும்பாலும் ஒற்றை ஸ்வரமாகவே ஓடுவதால், பதினைந்து சேனல் இல்லாத குறை அவளுக்குச் சீக்கிரம் தெரியவும் போவதில்லை.

அடுத்த கடிதத்தோடு நீ செய்த பேஸ் ஒன்றை அனுப்பு. டிரம்ஸ் இல்லாமல் ஒன்று, டிரம்ஸோடு ஒன்று, சப்-பேஸ் தனியாக ஒன்று. மிடி ஃபைலையும் சேர்த்து அனுப்பினால், நீ எந்த இடத்தில் அழுத்தினாய், எந்த இடத்தில் தளர்ந்தாய் என்று பார்த்து எழுத எனக்கு வசதியாக இருக்கும்.

அன்புடன்,
உன் அண்ணன்