தினைத்தாளில் ஒரு குருகு: கவிதையைக் கொலாஜ் ஆக்குவது எப்படி?

பிடித்த கவிதையை வைத்துக் கொலாஜ் செய்ய உட்காருகிறவர்களில் பலர், நிலா வந்தால் ஒரு நிலா, மழை வந்தால் ஒரு குடை, காதலி வந்தால் பத்திரிகை அட்டையிலிருந்து ஒரு பெண் என்று தேடித் தேடி வெட்டி ஒட்டுகிறார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும், கல்யாணப் பத்திரிகை மாதிரி. கவிதை மட்டும் அதில் இருக்காது. கவிஞர் எதைச் சொல்லாமல் விட்டார் என்று முதலில் பாருங்கள். கொலாஜுக்கு வேலை அங்கேதான்.

ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு முழுக்கச் செய்து பார்க்கலாம். குறுந்தொகை 25. கபிலர் பாடியது, குறிஞ்சித் திணை, ஐந்தே அடி. தலைவி தோழியிடம் மனம்விட்டுப் பேசுகிறாள். நாங்கள் கூடிய அன்று அவனைத் தவிர அங்கே ஓர் ஆள் கிடையாது. நாளை அவனே மறுத்துவிட்டால் என் கதி என்ன என்பது அவள் கவலை. இருந்தது ஒரு குருகு. அதுவும் ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு தவிப்பிலும் அந்தப் பறவையின் கால் தினைப்பயிரின் தாள்போல மெலிந்து பச்சையாக இருந்தது அவள் நினைவில் நிற்கிறது. சாட்சி இருக்கிறது, ஆனால் சொல்லாது. சொல்லாதது மட்டுமல்ல, பார்க்கவே இல்லை.

பாட்டை வாய்விட்டுப் பலமுறை படித்துவிட்டு ஒரு தாளை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் கையால் தொடக்கூடியவை: தண்ணீர், ஆரல், குருகு, தினைத்தாள். மறுபக்கம் தொட முடியாதவை: பயம், அந்த நாள், இப்போது இங்கே இல்லாத அவன். முதல் பக்கத்தில் இருப்பவற்றை ஒட்டப் போகிறோம். இரண்டாம் பக்கத்தில் உள்ளவற்றை ஒட்டும் விதத்தில் காட்டப் போகிறோம். உங்களுக்குப் பிடித்த கவிதையில் முதல் பக்கம் காலியாகவே இருந்தால், எவ்வளவு நல்ல கவிதையானாலும் இந்த வேலைக்கு வேறொன்றைத் தேடுங்கள்.

அடுத்து பொருள்கள். 1912இல் பிக்காசோ பிரம்பு நாற்காலியை வரையவில்லை. பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் நிஜக் கயிற்றைச் சட்டமாக வைத்தார். ஆகவே குருகின் காலுக்குப் பச்சைக்கோடு இழுக்காமல் நிஜத் தினைத்தாளையே வைப்போம். கடையில் கிடைக்கும் தினையரிசி முளைக்காது. பறவைத் தீவனம் விற்கிற கடையில் உமியோடு கிடைக்கும். ஒரு கைப்பிடி வாங்கித் தொட்டியில் தூவிவிடுங்கள். ஒரு மாதத்தில் குருகுக்கால் கனத்துக்குத் தாள் தேறிவிடும். பொறுமை இல்லாதவர்களுக்கு வைக்கோல் இருக்கிறது. எதுவானாலும் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, இரண்டு வாரம் காய விடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தாளை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். காய்ந்ததும் பச்சை போய்விடும் என்பதால், கடைசியில் நீர்த்த பச்சை அக்ரிலிக் வண்ணம் ஒரு தடவை பூச வேண்டிவரும்.

அடிப்பலகைக்கு 3 மி.மீ. எம்.டி.எஃப். போதும், 12க்கு 16 அங்குலம் சௌகரியமான அளவு. சார்ட் பேப்பர் பசையின் ஈரத்தில் சுருண்டுகொள்ளும். பலகையின் இரண்டு பக்கமும் வெள்ளை எமல்ஷன் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் வளையும். பசைக்கு ஃபெவிக்கால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. மைதாப் பசையை நாடாதீர்கள், பூச்சி அரித்துவிடும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் அதில் மயில்துத்தம் கலப்பது இதற்காகத்தான்; அது நஞ்சு, வீட்டுக்குள் வேண்டாம்.

பின்னணி முழுவதற்கும் காவியோ வைக்கோல் நிறமோ உள்ள கைக்காகிதம் ஒன்றை ஒட்டிக் காயவையுங்கள். இனி ஓடை. அதை அச்செழுத்தாலேயே செய்யலாம். உ.வே.சாமிநாதையர் உரையோடு 1937இல் வந்த குறுந்தொகைப் பதிப்பின் மறுபதிப்பு ஏதேனும் நூலகத்தில் இருந்தால், இந்தப் பாட்டுக்கான பக்கங்களை ஜெராக்ஸ் எடுங்கள். மூலம் ஐந்தடிதான், உரை அடர்த்தியாகக் கிடைக்கும். இங்க்ஜெட் பிரிண்ட் வேண்டாம், ஈரம் பட்டால் மை கசியும். ஐந்தடியை மட்டும் கத்தரித்துத் தனியே எடுத்து வைத்துவிட்டு, உரைப்பகுதியின் மேல் எழுத்து மங்கலாகத் தெரிகிற அளவுக்குச் சாம்பல் நீல அக்ரிலிக் தடவிக் காய விடுங்கள்.

இப்போது கிழிக்க வேண்டும். கத்தரிக்கோல் கூடாது. காகிதத்துக்கு ஓட்டம் உண்டு: ஒரு வாக்கில் கிழித்தால் நேராக இறங்கும், குறுக்கு வாக்கில் கிழித்தால் கோணிக்கொண்டு ஓடும். ஓரத்தில் சிறிது கிழித்துப் பார்த்து நேர் வாக்கைக் கண்டுபிடித்து, விரல் அகலத்தில் பட்டை பட்டையாகக் கிழியுங்கள். வண்ணம் மேற்பரப்போடு நிற்பதால், கிழிந்த ஓரங்களில் வெள்ளை நூல் ஓடியதுபோல ஒரு வரி தெரியும். ஓடும் நீரின் பளபளப்பு அதுதான். தூரிகையால் இதைக் கொண்டுவர முடியாது. பட்டைகளைப் பலகையின் கீழ்ப் பாதியில் கிடைமட்டமாக, ஒன்றன் மேல் ஒன்று சற்று ஏறும்படி ஒட்டுங்கள். மேலே பட்டர் பேப்பர் வைத்து, பழைய ஏ.டி.எம். கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் காற்று வெளியேறிவிடும்.

ஆரலுக்குப் பழுப்புச் சணல் இழை ஒன்று போதும். அதை நெளிய வைத்து, மேலே ட்ரேசிங் பேப்பரை ஒட்டுங்கள். ட்ரேசிங் பேப்பர் ஈரம் பட்டால் நெளிந்து சுருக்கம் விழும். வேறு எந்தப் படத்திலும் அது தொல்லை, இங்கே அலை. மீன் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும்.

அவனை என்ன செய்வது? ஆண் உருவம் எதையும் வெட்டாதீர்கள். ஓடைக்கு மேலே, இடப்பக்கத்தில், ஆள் நிற்கும் வாகில் பழுப்புக் காகிதம் ஒன்றை நீர் கலக்காத ஃபெவிக்காலால் ஒட்டுங்கள். தலை, தோள் என்று வடிவம் வேண்டாம். பத்து நிமிடம் கழித்து, பசை பாதி இறுகிய பதத்தில், ஒரு மூலையைப் பிடித்துப் பிய்த்துவிடுங்கள். கொஞ்சம் வரும், கொஞ்சம் ஒட்டிக்கொண்டே நிற்கும்; பின்னணிக் காகிதத்தின் தோலும் இடையிடையே உரிந்து வரும். சரிசெய்யக் கை பரபரக்கும், செய்யாதீர்கள். அங்கே ஒருவன் இருந்தான் என்பதற்கு அந்தத் தழும்பைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. தலைவியின் பயமும் அதுவே. முதல் தடவையே பலகையில் செய்யாமல், மிச்சக் கைக்காகிதத்தில் இரண்டு மூன்று முறை பிய்த்துப் பார்த்துப் பதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி குருகு. நாரையா, கொக்கா என்ற வாதத்தைப் புலவர்களுக்கு விட்டுவிட்டு, நான் நம் வயல் வரப்பில் நிற்கும் மடையானை எடுத்துக்கொள்வேன். நிற்கும்போது மண்ணோடு மண்ணாக இருக்கும். பறந்தால்தான் வெள்ளைச் சிறகு தெரியும். கால் மஞ்சள் கலந்த பச்சை. உடலுக்குப் பழைய கைத்தறித் துண்டு ஒன்றை டீ டிகாஷனில் நனைத்துக் காயவைத்து வெட்டி, ஓரத்து இழைகளைப் பிரித்துவிடுங்கள், இறகுபோல நிற்கும். தினைத்தாளை நெடுக்காகப் பிளந்தால் தட்டையான பக்கம் பலகையில் நன்றாகப் பிடிக்கும். மூட்டு வரும் இடத்தில் நகத்தால் அழுத்தி லேசாக மடக்கினால் கால் உயிர் பெறும். அலகுக்குப் புளியங்கொட்டைத் தோல், விளக்குமாற்றுக் குச்சி எதுவும் ஆகும்.

ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் சும்மா வைத்து, செல்போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். முதலில் கண் எங்கே போகிறது? குருகுக்குப் போய், அலகின் வழியே நீருக்கு இறங்கினால் சரி. குருகு வலப்பக்கம், கீழ் மூன்றில் ஒரு பங்கில் நிற்கட்டும். அலகு எக்காரணத்தாலும் அந்தத் தழும்பின் பக்கம் திரும்பக் கூடாது. திரும்பினால் அது சாட்சி சொல்ல வந்த பறவை ஆகிவிடும், பாட்டு கெட்டுவிடும். நடுவில் பெரிய வெற்றிடம் இருக்கும். அங்கே ஒரு பூ, ஒரு மலை, ஒரு வரி எழுத்து வைக்கலாமே என்று தோன்றும். வைக்க வேண்டாம்.

எல்லாம் நன்றாகக் காய ஒரு நாள் முழுக்க விட்டு, மேட் வார்னிஷ் மெல்லியதாக இரண்டு பூச்சு கொடுங்கள். ஃபெவிக்காலையே மேல்பூச்சாகப் பூசினால் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் பிசுபிசுக்கும். தனியே வைத்த ஐந்தடியைப் பலகையின் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள். கேட்கிறவர்களுக்குத் திருப்பிக் காட்டலாம். ஃபிரேம் போடக் கொடுக்கும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே அரை அங்குலமாவது இடைவெளி விடச் சொல்லி, கூடவே நின்று பாருங்கள். வழக்கம்போலக் கண்ணாடியை நேரே மேலே வைத்து அழுத்தி ஆணி அடித்தால் தினைத்தாள் நொறுங்கிவிடும்.