படத்தில் இருக்கும் பிள்ளை யார்?

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பசியோடு வாந்திபேதியும் பரவியது. எலும்பும் தோலுமாய் நின்ற மக்களையும் பிள்ளைகளையும் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி படம் பிடித்தார். அந்தப் பஞ்சத்துக்குத் தப்பி இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் பலர். எனவே மலையகத்தாருக்கு அவை அந்நியரின் படங்கள் அல்ல. பஞ்சத்துக்கு அவை சாட்சி. ஆனால் அந்தப் பிள்ளைகளின் பெயர் அவற்றில் இல்லை.

1972 ஜூன் 8 அன்று வியட்நாமில் நேபாம் குண்டுத் தீயில் வெந்து, ஆடையின்றி ஓடிவந்த சிறுமியின் படம் உலகையே உலுக்கியது. அவர் பெயர் கிம் புக். அப்போது வயது 9. பல சத்திரசிகிச்சைகளுக்குப் பின் உயிர் பிழைத்தார். வளரும் வயதில் அந்தப் படத்தை வெறுத்ததாகப் பின்னாளில் அவரே எழுதினார். போரின் கொடுமையை உலகுக்குச் சொன்ன படம், அதிலிருந்த பிள்ளைக்கு வெட்கமாக இருந்தது. இரண்டும் உண்மை.

மாணவிகளே, ஒருவரின் படம் நம் கையில் உள்ள அமானிதம். நோயுற்ற பிள்ளையைப் படம் எடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. பிள்ளையும் பெற்றோரும் மனமொப்பிச் சம்மதித்தார்களா?
2. படத்தால் பிள்ளைக்கு நன்மை உண்டா?
3. வளர்ந்தபின் இதைப் பார்த்தால் அப்பிள்ளை தலைகுனியுமா?

பெயரைக் கேட்டறிவது மரியாதை. ஊரறிய வெளியிடுவது வேறு. சில வேளை முகத்தை மறைப்பதே பாதுகாப்பு. பெற்றோரே, கைபேசியில் வந்த படத்தைப் பிறருக்கு அனுப்புமுன்னும் இதே கேள்விகளைக் கேளுங்கள்.