புள்ளி நாயும் அதன் செவியும்

மழை ஓய்ந்து பனி தொடங்கும் மாதங்களில் பெங்களூரில் நாய்க் கண்காட்சிகள் நடைபெறும். அரண்மனைத் திடல் போன்ற பரந்த வெளிகளில் விடியற்காலையிலேயே பந்தல்கள் நிறைந்துவிடும். உரிமையாளர்கள் தத்தம் நாய்களை மேசைமீது நிறுத்தி, மயிரைச் சீவி, நகத்தை நறுக்கி, காதைத் துடைத்துக்கொண்டிருப்பர். சடைமயிர் நாய்களுக்கு இவ்வேலை மணிக்கணக்கில் நீளும். டால்மேஷியனுக்கோ ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். வெண்ணிற உடலில் மை தெறித்தாற்போன்ற அதன் புள்ளிகள் தொலைவிலேயே கண்ணைக் கவரும். டோடி ஸ்மித் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1956ஆம் ஆண்டு இந்நாய்களைப் பற்றி ஒரு சிறுவர் புதினம் எழுதினார். அதனைத் தழுவி டிஸ்னி நிறுவனம் 1961இல் வெளியிட்ட படம் இவ்வினத்தை உலகறியச் செய்தது. படத்தில் கண்ட நாயை நேரில் காணவே சிறுவர் பலர் அவ்வரிசைக்கு ஓடுவர்.

கண்காட்சியில் கலந்துகொள்ளும் நாய்க்கு வமிசாவளிச் சான்று வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ‘கென்னல் கிளப் ஆஃப் இந்தியா’ என்னும் அமைப்பு இச்சான்றினை வழங்குகிறது. நாயின் பிறந்த நாள், நிறம், பெற்றோர், அவற்றின் பெற்றோர் ஆகிய விவரங்கள் அதில் இடம்பெறும். நாயின் தோலுக்கடியில் அரிசிமணி அளவுள்ள நுண்சில்லு ஒன்றும் பொருத்தப்பட்டிருக்கும். சான்றில் உள்ள எண்ணும் சில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

களத்தில் நாயை நடத்திச் செல்பவர் கையாளுநர் எனப்படுவார். அவர் நாயை அசையாது நிற்கச் செய்வார். நடுவர் அதன் வாயைத் திறந்து பல்வரிசையைப் பார்ப்பார். தோளையும் முதுகையும் கைகளால் தடவி எலும்பின் அமைப்பை அறிவார். பின்னர் நாய் முக்கோண வடிவில் ஓடிவரவேண்டும். அவ்வாறு ஓடுகையில் நடுவர் முன்னிருந்தும் பின்னிருந்தும் பக்கவாட்டிலும் அதன் நடையைக் காண்பார். அருகில் நிற்கும் நாயைக் காட்டிலும் இது அழகா என்பது அவருடைய முதல் வினா அன்று. அவ்வினத்திற்கென எழுதி வைக்கப்பட்ட அளவுகோலுக்கு இந்நாய் எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பதையே அவர் முதலில் நோக்குவார். சிறுவர் கையாளும் போட்டிகளும் உண்டு. அவற்றில் நாய்க்கு மதிப்பெண் இல்லை. நாயை நடத்தும் சிறுவரின் பொறுமைக்கும் திறத்திற்குமே மதிப்பெண்.

டால்மேஷியனுக்கான அளவுகோல் புள்ளிகளைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறது. புள்ளிகள் வட்டமாகவும் ஒன்றோடொன்று கலவாமலும் இருத்தல் வேண்டும். குறுக்களவு இரண்டு முதல் மூன்று செ.மீ. வரை இருக்கலாம், நிறம் கருமையாகவோ பழுப்பாகவோ இருக்கலாம், இரண்டும் ஒரே உடலில் கலத்தல் ஆகாது. இவ்வினத்தின் தாயகமாகப் பன்னாட்டு நாய்க் கழகக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டுள்ள நாடு குரோவேஷியா. அந்நாட்டின் கடற்கரைப் பகுதியான டால்மேஷியாவே பெயருக்கும் காரணம். பிற்காலத்தில் இங்கிலாந்தில் செல்வர்களின் குதிரை வண்டியோடு ஓடிக் காவல் செய்த நாய் இது. அன்று பெற்ற நெடுந்தொலைவு ஓடும் இயல்பு இன்றும் அதன் கால்களில் இருக்கிறது.

இனி, கண்காட்சிக் களத்தில் எவர் கண்ணுக்கும் புலப்படாத ஒன்றைக் காண்போம்.

டால்மேஷியன் குட்டி பிறக்கும்போது அதன் உடலில் புள்ளியே இராது. தூய வெண்ணிறமாகப் பிறந்து, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைக்கத் தொடங்கும். இதற்கு இருவகை மரபுக்கூறுகள் காரணம். ஒன்று உடல் முழுவதையும் வெண்மையாக்குகிறது. மற்றொன்று அவ்வெண்மையின்மேல் புள்ளியிடுகிறது. தாயின் வயிற்றில் கரு வளரும்போது நிறமிகளை உண்டாக்கும் உயிரணுக்கள் முதுகுப்புறத்திலிருந்து புறப்பட்டு உடலெங்கும் பரவிச் செல்லும். வெண்மைக்கான மரபுக்கூறு வலுவாக உள்ள கருவில் அவை எல்லா இடங்களையும் சென்றடைவதில்லை. அவை சென்றடைய வேண்டிய இடங்களுள் உட்செவியும் ஒன்று. அங்கு நிறத்திற்கு வேலையில்லை என்று தோன்றலாம். ஆனால், ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் உயிர்வாழத் தேவையான நீர்மத்தைச் சீராக வைத்திருப்பவை அந்நிறமி அணுக்களே. அவை இல்லையெனில், பிறந்த மூன்று நான்கு வாரங்களுக்குள் அச்செவி நிலையாகக் கேட்கும் திறனை இழந்துவிடும்.

அமெரிக்காவில் பல்லாயிரம் டால்மேஷியன்களைச் சோதித்த ஆய்வு ஒன்று, ஏறத்தாழ 22 விழுக்காட்டு நாய்களுக்கு ஒரு செவியும் 8 விழுக்காட்டு நாய்களுக்கு இரு செவிகளும் கேளாமையைக் கண்டறிந்தது. நீலக் கண்ணுடைய நாய்களிடம் இக்குறை மிகுதி. ஐரோப்பிய அளவுகோல் நீலக் கண்ணை விலக்குவதற்கு இஃது ஓர் நல்ல நியாயம் எனலாம். ஆனால், அதே அளவுகோலின் மற்றொரு விதி எதிர்த்திசையில் செல்கிறது. சில குட்டிகள் பிறக்கும்போதே காதிலோ கண்ணைச் சுற்றியோ பெரிய கருந்திட்டுடன் பிறக்கும். வெண்மை முழுமையாக வெல்லாமற்போன இடம் அது. அத்தகைய குட்டிகளிடம் செவிட்டுத்தன்மை குறைவு என்பது ஆய்வின் முடிவு. எனினும், திட்டுடைய நாய்க்குக் கண்காட்சியில் இடமில்லை. ஆதலால் வளர்ப்போர் பலர் அவற்றிலிருந்து குட்டி ஈனச் செய்வதும் இல்லை. செவி நலமாயுள்ள நாய் ஒதுக்கப்பட, புள்ளி மட்டும் சீராயுள்ள நாய் அடுத்த தலைமுறைக்குத் தாயாகிறது. ஒரு செவி மட்டும் கேளாத நாய் களத்தில் மற்ற நாய்களைப் போலவே ஓடும். நடுவரால் அதனை அறிய இயலாது.

இச்செய்தி அயல்நாட்டு நாய்க்கு மட்டும் உரியதன்று. விருதுநகர் மாவட்டத்து இராசபாளையம் நாயைப் பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல அறிந்திருக்கும். பால்வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய நாயே உயர்ந்தது என்று நம்மவர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தனர். அவ்வெண்மையோடு செவிட்டுக் குட்டிகளும் வந்தன. 2005ஆம் ஆண்டு சனவரியில் இந்திய அஞ்சல்துறை நான்கு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது, இராசபாளையமும் கருநாடகத்து முதோல் வேட்டைநாயும் அவற்றுள் இடம்பெற்றன. புகழ் வந்துவிட்டது, இனிச் செவியையும் கவனித்தல் வேண்டும்.

குட்டி ஐந்து வாரம் நிறைந்தபின் அதன் செவியைச் சோதிக்க இயலும். தலைத்தோலில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்தி, ஒவ்வொரு செவியிலும் தனித்தனியே ஒலி செலுத்தி, மூளையில் எழும் மின்னசைவைக் கணினியில் காண்பர். சில நிமிடங்களில் முடியும் இச்சோதனையில் குட்டிக்கு வலியில்லை. வீட்டில் குட்டி உறங்கும்போது பின்புறமாக நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்ப்பதுண்டு. இரு செவியும் கேளாத குட்டியை அதனால் ஓரளவு அறியலாம். ஒரு செவிக் குறையை அறிய முடியாது. ஆதலால் குட்டி வாங்குவோர் வமிசாவளிச் சான்றோடு செவிச் சோதனைத் தாளையும் கேட்டல் நன்று.

இரு செவியும் கேளாத குட்டிகளை வலியின்றிக் கொன்றுவிடலாம் என்று மேலைநாட்டில் ஒருகாலத்தில் அறிவுரை கூறப்பட்டது. இரக்கமற்ற அறிவுரை அது. அறியாமையும் அதில் கலந்திருந்தது. அத்தகைய நாய் கைச்சைகையால் எல்லாம் கற்றுக்கொள்ளும். உள்ளங்கையை உயர்த்தினால் அமரும். இரு கைகளையும் விரித்தால் ஓடிவரும். உறங்கும் நாயைத் திடீரெனத் தொடாமல், அருகில் தரையை மெல்லத் தட்டி எழுப்புதல் வேண்டும். வெளியில் அதனைக் கயிறின்றி விடுதல் கூடாது. பின்னால் வரும் வண்டியின் ஒலி அதற்குக் கேட்காது.

களத்தில் பரிசு பெற்றாலும் பெறாவிட்டாலும், டால்மேஷியனுக்கு நாள்தோறும் நீண்ட நடை வேண்டும். நாள் முழுதும் அடுக்குமாடி வீட்டில் அடைபட்டால் அது செருப்பையும் மெத்தையையும் கடித்துத் தன் சலிப்பைத் தீர்த்துக்கொள்ளும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரின் காலைக் குளிர் அதற்கு ஏற்றது. வெயில் ஏறியபின் தார்ச்சாலை சுடும். புறங்கையைச் சாலையில் சில நொடி வைக்க முடியாவிட்டால், நாயின் பாதமும் அதனைத் தாங்காது. மேலும், இவ்வினத்தின் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுதியாதலால் சிறுநீர்க்கல் தோன்றக்கூடும். எனவே, உலா செல்வோர் தம் பையில் ஒரு குப்பி நீரும் சிறு கிண்ணமும் மறவாது எடுத்துச் செல்வர். நாயின் கழிவை அள்ளுவதற்கான உறையும் அப்பையில் இருத்தல் வேண்டும். பூங்கா எல்லோர்க்கும் உரியது.

1870இல் உருவான கப்பன் பூங்காவில் ஞாயிறு காலைகளில் பல இன நாய்களைக் காணலாம். மூங்கில் புதர்களினூடே மரநிழலில் ஒரு சுற்று நடந்தால் நாயும் களைக்கும், நடத்துபவரும் களைப்பர். பூங்காவை ஒட்டிய கஸ்தூரிபா சாலையில் அரசு அருங்காட்சியகம் உள்ளது. நாயுடன் உள்ளே செல்வதற்கில்லை. வீட்டார் இருவர் வந்திருந்தால் ஒருவர் மரத்தடியில் நாயோடு காத்திருக்க, மற்றவர் சென்று காண வேண்டிய கல் ஒன்று அங்குண்டு.

நாய்க்கு நடுகல் எடுத்தல் தமிழ்நாட்டிலும் கருநாடகத்திலும் வழங்கிய பழைய மரபு. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் உள்ள 7ஆம் நூற்றாண்டு நடுகல், தன் தலைவன் இறந்தபின் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற ‘கோவிவன்’ என்னும் நாயைப் பெயர் சொல்லிப் போற்றுகிறது. பெங்களூரு அருங்காட்சியகத்தில் உள்ள கல், மாண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து வந்தது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த செய்தியையும் கூறும் இக்கன்னடக் கல்வெட்டு, 949ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தது. அப்போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பவனிடம் வேண்டியதைக் கேட்குமாறு அரசன் கூறினான். அவன் பொன்னும் பொருளும் கேட்கவில்லை. ‘காளி’ என்னும் வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். பின்னொரு நாள் வேட்டையில் அந்நாய் பெரிய காட்டுப்பன்றி ஒன்றோடு பொருதது, இரண்டும் மாண்டன. மணலேரன் தன் நாய்க்குக் கல் நாட்டி, அதன் வழிபாட்டிற்கு நிலமும் விட்டான். நாயும் பன்றியும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் காட்சி அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது.

சொற்பொருள்

வமிசாவளி – முன்னோர் வரிசை
கையாளுநர் – நாயை நடத்திக் காட்டுபவர்
நுண்சில்லு – எண் பதித்த மிகச் சிறு மின்னணுத் துண்டு
நிறமி – நிறம் தரும் பொருள்
ஈனுதல் – குட்டி போடுதல்
பொருதது – போரிட்டது
நடுகல் – போரிலோ காவலிலோ இறந்தவர்க்கு நாட்டிய கல்

பயிற்சி

1. கருந்திட்டுடன் பிறக்கும் குட்டியைக் கண்காட்சி விலக்குவது சரியா? பாடத்திலிருந்து காரணம் காட்டி ஐந்து வரிகளில் எழுதுக.
2. ‘புள்ளி’ என்னும் சொல் வெவ்வேறு பொருளில் வருமாறு மூன்று தொடர்கள் அமைக்க.
3. செவி கேளாத நாய்க்குக் கற்பிக்கத்தக்க கைச்சைகைகள் மூன்றினை நீவிரே உருவாக்கி விளக்குக.
4. உம் சொந்த ஊரில் வளர்க்கப்படும் நாய்களைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டு, அவர்கள் கூறும் பெயர்களை அவர்கள் சொன்னவாறே எழுதி வருக.